அம்மா படித்துக் காட்டிய கதை



இந்தப் பகுதியில் மற்றவர்கள் எழுதுவதைப் படிப்பதோடு சரி, நான் எழுத உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை. எழுதியே ஆகணும் என்று தோன்ற வைத்தவர் நம்ம ஊர்க்காரர் இல்லை. ஆஸ்திரேலியாவில் டி.வி. தொடர்களில் நடிக்கும் ஒரு நடிகை. "நடிகையைப் பற்றி நமக்கென்ன?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

2023-ம் வருஷம் மகளின் பிரசவத்துக்காக சிட்னி போய் ஆறு மாசம் இருந்தேன். பிள்ளை பெத்த வீடு எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லணுமா? பூண்டுக் குழம்பு, பிரசவ லேகியம், துணி துவைக்கிறது, ராத்திரி முழுக்க முழிப்பு. நடுராத்திரியில் பால் கொடுக்கும்போது தூக்கம் வந்துவிடக் கூடாது என்று மகள் சத்தத்தைக் குறைத்து டி.வி.யைப் போட்டுக்கொள்வாள். ஒருநாள் எட்டிப் பார்த்தால், பெண்கள் ஜெயில். கைதிகள் ஒருத்தரை ஒருத்தர் அடித்துக்கொள்கிறார்கள்.

"ஏன் கண்ணு, பச்சை உடம்புக்காரி பார்க்கிற சீரியலா இது? பால் குடிக்கிற குழந்தைக்கு என்ன புத்தி வரும்?" என்று சத்தம் போட்டேன்.

அவள் சிரித்துவிட்டு, "அம்மா, ரீட்டான்னு ஒரு கைதி சண்டை போடறாங்களே, அவங்களைப் பாரும்மா. அவங்க பேரு லியா பர்செல். டி.வி.யில நடிச்சுக்கிட்டே, தானே கதை எழுதி, தானே டைரக்ட் செஞ்சு, தானே நடிச்சு ஒரு படம் எடுத்திருக்காங்க. அந்தக் கதை அவங்க அம்மா சின்ன வயசுல படிச்சுக் காட்டின கதை" என்றாள்.

கடைசியில் சொன்னது என்னைப் பிடித்துக்கொண்டது. லேகியம் கிண்டுவதை நிறுத்திவிட்டு, "சொல்லு, கேட்போம்" என்று உட்கார்ந்துவிட்டேன். அந்த ஆறு மாசத்தில் மகள் சொன்னது, படித்துக் காட்டியது, நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து பார்த்தது எல்லாவற்றையும்தான் இங்கே எழுதுகிறேன்.

கஷ்டத்தில் வளர்ந்த பெண்

லியா பர்செல் 1970-ல் பிறந்தவர். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் மர்கன் என்ற சின்ன ஊர். அம்மா வழியில் அவர் அந்த மண்ணின் பூர்வகுடி. வெள்ளைக்காரர்கள் கப்பலில் வந்து இறங்குவதற்குப் பல்லாயிரம் வருஷம் முன்பிருந்தே அங்கே வாழ்கிற ஜனங்கள். அப்பா வெள்ளைக்காரர். கசாப்புக் கடை வைத்திருந்தார், குத்துச்சண்டையும் சொல்லிக் கொடுத்தார். வீட்டில் நிறையப் பிள்ளைகள், அதில் லியாதான் கடைக்குட்டி. வளர்த்தது அம்மா.

அந்த ஊருக்குப் பக்கத்திலேயே ஷெர்பர்க் என்று ஓர் இடம். பூர்வகுடி மக்களைப் பல இடங்களிலிருந்தும் கொண்டுவந்து அடைத்து வைத்த குடியிருப்பு அது. அந்தக் காலத்தில் அந்த நாட்டு அரசாங்கம் பூர்வகுடிப் பிள்ளைகளைத் தாய் மடியிலிருந்து பறித்துக்கொண்டு போய் வேறு இடத்தில் வளர்த்தது. ஒன்றிரண்டு வருஷம் இல்லை, பல தலைமுறையாக 1970 வரைக்கும் நடந்திருக்கிறது. 'திருடப்பட்ட தலைமுறைகள்' என்றே அவர்களுக்குப் பெயர். லியாவின் பாட்டியும் அப்படிப் பறிக்கப்பட்ட ஒரு குழந்தை. 1997-ல் இதைப் பற்றி விசாரணை அறிக்கை வந்தது. 2008-ல் அந்த நாட்டுப் பிரதமர் கெவின் ரட் பார்லிமென்ட்டில் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், தாயிடமிருந்து பிள்ளையைப் பிரித்த வீட்டில், தாய் மகளுக்குக் கதை படித்துக் காட்டுவது என்பது சாதாரண விஷயம் இல்லை. எனக்கு அது போகப்போகத்தான் புரிந்தது.

லியாவின் இளமை ஒன்றும் சுகமானது இல்லை. டீன் ஏஜிலேயே நோயாளி அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு. பதினெட்டு வயதில் கையில் ஒரு பெண் குழந்தை. அம்மாவும் போய்விட்டார். குடிப் பழக்கமும் தொற்றிக்கொண்டது. அதையெல்லாம் அவர் மறைக்கவில்லை, பிற்பாடு மேடையிலேயே சொல்லியிருக்கிறார். நம்ம ஊராக இருந்தால் 'இவள் கதை முடிந்தது' என்று தெருவே சொல்லியிருக்கும். அங்கேயும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள், ஊர் வாய் எல்லா ஊரிலும் ஒன்றுதானே!

ஆனால் அவர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பிரிஸ்பேன் நகரத்துக்குப் போனார். அங்கே சின்னச் சின்ன நாடகக் குழுக்களில் சேர்ந்தார். 1993-ல் 'பிரான் நியூ டே' என்ற பாட்டு நாடகத்தில் வாய்ப்புக் கிடைத்தது. பூர்வகுடிகளே எழுதி நடித்த, அந்த நாட்டில் பெயர் பெற்ற நாடகம். 1996-ல் சிட்னிக்கு வந்து ஒரு டி.வி. சேனலில் பாட்டு நிகழ்ச்சி தொகுத்து வழங்கினார். அப்புறம் 'போலீஸ் ரெஸ்க்யூ', 'ஃபாலன் ஏஞ்சல்ஸ்' என்று தொடர்களில் நடிக்க ஆரம்பித்தார்.

அடுத்தவர் எழுதிய வசனம்

டி.வி. நடிப்பு என்றால் என்ன? காலையில் போகணும், கொடுக்கிற உடுப்பைப் போட்டுக்கணும், கொடுக்கிற வசனத்தைச் சொல்லணும். எழுதுகிறவர் வேறே, இயக்குகிறவர் வேறே, என்ன கதை வேண்டும் என்று தீர்மானிக்கிற சேனல்காரர் வேறே. நடிகைக்கு முகம் மட்டும்தான் சொந்தம், பேச்சு சொந்தமில்லை. அதிலும் பூர்வகுடிப் பெண் என்றால் அவளுக்கென்று எழுதுகிற பாத்திரம் எத்தனை வந்துவிடும்?

லியா நல்ல பாத்திரங்கள் செய்தார். 2001-ல் வந்த 'லன்டானா', 2005-ல் 'த ப்ரபோசிஷன்', 2006-ல் 'ஜிண்டபைன்' என்று அந்த நாட்டின் முக்கியமான சினிமாக்களில் நடித்தார். 2018-லிருந்து நான் பார்த்தேனே, அந்த 'வென்ட்வொர்த்' ஜெயில் தொடரின் ரீட்டா கானர்ஸ். குத்துச்சண்டைக்காரர் மகள் என்பதால் கை எடுப்பே தனி!

ஆனால் வருகிற வேஷத்தைச் செய்துகொண்டு அவர் சும்மா இருக்கவில்லை. 1997-லேயே ஸ்காட் ரேன்கின் என்ற எழுத்தாளரோடு சேர்ந்து 'பாக்ஸ் த போனி' என்று ஒரு நாடகம் எழுதினார். மேடையில் அவர் ஒருத்தர்தான். தன் வாழ்க்கை, அம்மா வாழ்க்கை, பாட்டி வாழ்க்கை மூன்றையும் கலந்து சொன்ன நாடகம். சிட்னியில் போட்டு, பிறகு கடல் கடந்து எடின்பரோ நாடக விழாவுக்கும் போனது.

அடுத்து, 2001-ல் 'பிளாக் சிக்ஸ் டாக்கிங்' என்று ஒரு டாக்குமெண்டரி. பூர்வகுடிப் பெண்களை உட்கார வைத்து, அவர்கள் கதையை அவர்கள் வாயாலேயே சொல்ல வைத்தார். இன்னொரு இயக்குநரோடு சேர்ந்து செய்த படம். அது புத்தகமாக வந்தபோது அதில் 9 பெண்கள் பேசினார்கள்.

2012-ல் 'ரெட்ஃபெர்ன் நவ்' என்று ஒரு டி.வி. தொடர் வந்தது. பூர்வகுடிகளே எழுதி, எடுத்து, நடித்த தொடர். அதில் நடித்ததோடு இயக்கவும் செய்தார். பிறகு 'கிளெவர்மேன்' தொடரிலும் சில பகுதிகளை இயக்கினார். பாருங்கள், ஒரே நாளில் நடிகை டைரக்டர் ஆகிவிடவில்லை. வீட்டு வேலைக்கு நடுவே தையல் கற்றுக்கொள்கிற மாதிரி, நடித்துக்கொண்டே ஒவ்வொரு வேலையாகக் கற்றுக்கொண்டிருக்கிறார்.

பெயரில்லாத அந்தப் பெண்

இனி அந்தக் கதைக்கு வருகிறேன்.

ஹென்றி லாசன் என்பவர் ஆஸ்திரேலியாவில் மிகவும் பெரிய எழுத்தாளர். பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லாருக்கும் பாடம். 1966-ல் அந்த நாட்டில் டாலர் வந்தபோது 10 டாலர் நோட்டிலேயே அவர் படத்தைப் போட்டார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அவர் 1892-ல் எழுதிய கதை 'த ட்ரோவர்ஸ் வைஃப்'. ட்ரோவர் என்றால் ஆட்டு மந்தை, மாட்டு மந்தையை மாசக்கணக்கில் வெகுதூரம் ஓட்டிப் போகிறவர். நம் ராமநாதபுரம் பக்கம் கீதாரி என்பார்களே, கிட்டத்தட்ட அப்படி. ஆகவே தலைப்புக்கு 'மந்தைக்காரன் பெண்டாட்டி' என்று வைத்துக்கொள்ளலாம்.

மகள் லைப்ரரியிலிருந்து புத்தகத்தை எடுத்து வந்து, ஒரு மழை நாளில் எனக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே படித்துக் காட்டினாள். மடியில் குழந்தை.

சுற்றிலும் காடு. பலகையும் மரப்பட்டையும் வைத்துக் கட்டிய இரண்டு அறை வீடு. அடுத்த மனுஷ வாசனைக்கு 19 மைல் போகணும். புருஷன் மந்தையோடு போய் ஆறு மாசம் ஆச்சு. 4 பிள்ளைகள், ஒரு நாய். ஒருநாள் சாயங்காலம் ஒரு பாம்பு வீட்டுப் பலகைக்கு அடியில் நுழைந்துவிடுகிறது. பிள்ளைகளைச் சமையல்கட்டில் மேஜை மேல் படுக்க வைத்துவிட்டு, ஒரு தடியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மெழுகுவத்தி வெளிச்சத்தில் தைத்தபடி ராத்திரி முழுக்க அந்த அம்மா முழித்திருக்கிறாள். அவ்வளவுதான் கதை.

அந்த ராத்திரியில் அவள் பழசையெல்லாம் நினைத்துப் பார்க்கிறாள். புருஷன் இல்லாத சமயத்தில் காட்டுத் தீ வந்தது. அவனுடைய பேண்ட்டைப் போட்டுக்கொண்டு பச்சைக் கிளையால் அடித்து அணைத்தாள். வெள்ளம் வந்தது. தனியே இருந்தபோது ஒரு குழந்தை செத்தது. செத்த குழந்தையை எடுத்துக்கொண்டு 19 மைல் குதிரையில் போனாள். இதைப் படிக்கும்போது மகள் குரல் நின்றுவிட்டது. நானும் ஒன்றும் சொல்லவில்லை.

இன்னொரு விஷயமும் வருகிறது. ஞாயிற்றுக்கிழமையானால் அவள் நல்ல உடுப்பு உடுத்தி, பிள்ளைகளுக்கும் உடுத்தி, கைவண்டியில் குழந்தையை வைத்துத் தள்ளிக்கொண்டு காட்டுப் பாதையில் உலாவப் போவாள். பார்க்க ஓர் ஆள் கிடையாது. ஆனாலும் டவுனில் கடைவீதிக்குப் போகிற மாதிரி சிரத்தையாகச் சிங்காரித்துக்கொண்டு போவாள். அவளுக்குப் பொழுதுபோக்கு என்றால் ஒரு மகளிர் பத்திரிகைதான். அதில் வருகிற உடுப்புப் படங்களைப் பார்த்துச் சந்தோஷப்படுவாள். அட, நம்மைப் போல ஒருத்தி!

விடியற்காலையில் பாம்பு வெளியே வருகிறது. நாய் கவ்வி இழுக்க, அவள் அடித்துக் கொல்கிறாள். முழித்துக்கொண்ட மூத்த பையன் அம்மாவின் கண்ணீரைப் பார்க்கிறான். 'நான் மந்தை ஓட்டப் போகவே மாட்டேன்' என்று அம்மாவுக்குச் சத்தியம் செய்து கொடுக்கிறான்.

குட்டிப் பெண்ணாக இருந்த லியாவுக்கு இந்தக் கதையைத்தான் அவர் அம்மா படித்துக் காட்டுவாராம். லியா திரும்பத் திரும்ப இதையே கேட்பாராம். கதையில் வருகிற பையனாகவே தன்னை நினைத்துக்கொண்டு, 'அம்மா, நான் போக மாட்டேன்' என்று தானும் சொல்வாராம். அந்தக் கதையில் வருகிற தாய், அவருக்குத் தன் அம்மாதான். தனியே நின்று பிள்ளைகளைக் காப்பாற்றியவர்தானே அவரும்!

படித்து முடித்ததும் மகளிடம் கேட்டேன்: "கதையில பையனுக்குப் பேர் இருக்கு, நாய்க்குக்கூடப் பேர் இருக்கு. அந்தப் பொம்பளை பேர் என்ன கண்ணு?"

"பேரே இல்லம்மா. மந்தைக்காரன் பெண்டாட்டி, அவ்வளவுதான்."

மோலி ஜான்சன்

லியா பர்செல் அந்தப் பெண்ணுக்குப் பெயர் வைத்தார். மோலி ஜான்சன்.

லாசன் கதையில் பூர்வகுடிகள் ஓரமாக வந்து போவார்கள். விறகு அடுக்கிக் கொடுத்துவிட்டுப் போகிற ஓர் ஆள், பிரசவத்துக்கு உதவ வருகிற ஒரு கிழவி. அவர்களைச் சொல்லும் சொற்களும் கௌரவமாக இல்லை. அந்தக் காலத்து வழக்கம். அந்தக் கதையை ஆசையாகக் கேட்ட ஒரு பூர்வகுடிக் குழந்தை, வளர்ந்த பிறகு அதை எப்படிப் படித்திருக்கும் என்று யோசியுங்கள். லியா அதைத் திட்டவில்லை, தூக்கி எறியவும் இல்லை. ஓரத்தில் நின்றவனை நடுவில் கொண்டுவந்தார். யடாக்கா என்று பெயர் வைத்து, தன் கொள்ளுத்தாத்தாவின் வாழ்க்கையிலிருந்து எடுத்துச் சேர்த்தார்.

முதலில் நாடகம். 2016-ல் சிட்னி பெல்வார் அரங்கில் மேடையேறியது. எழுதியவரும் லியா, மோலியாக நடித்தவரும் லியா. 2017-ல் அந்த நாடகத்துக்கு விக்டோரியா மாநிலத்தின் மிகப் பெரிய இலக்கியப் பரிசு கிடைத்தது. 1 லட்சம் டாலர்! 2019-ல் அதையே நாவலாக எழுதினார். அதே வருஷக் கடைசியில் சினிமாவாக எடுக்க மலைக்குப் போனார்.

இடத்தைக் கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். ஆஸ்திரேலியாவில் பனி விழுகிற மலைகளும் உண்டு, ஸ்னோயி மவுண்டன்ஸ் என்று பெயர். 'ஜிண்டபைன்' படத்துக்காக அந்தப் பக்கம் போனபோதே லியாவுக்கு இடம் மனசில் ஒட்டிக்கொண்டதாம். பல வருஷம் கழித்து, இந்தத் தடவை தன் படத்துக்காகவே அங்கே போனார்.

பெரிய ஸ்டுடியோ முதலாளி பணம் போட்டு, 'இப்படி எடு, அப்படி முடி' என்று சொல்லும் படம் இல்லை இது. லியாவும் அவர் கணவர் பெய்ன் ஸ்டூவர்ட்டும் ஊம்பாரா என்று சொந்தமாக ஒரு கம்பெனி வைத்திருக்கிறார்கள். அந்த நாட்டில் ஸ்க்ரீன் ஆஸ்திரேலியா என்று சினிமாவுக்கு உதவுகிற அரசு நிறுவனம் உண்டு. அப்படி அங்கே இங்கே சேர்த்துத்தான் இந்த மாதிரிப் படங்கள் எடுக்கிறார்கள். பணம் குறைச்சல், பாடு அதிகம். ஆனால் கதை கைவிட்டுப் போகாது.

கதை எழுதினவர், டைரக்டர், தயாரிப்பாளர்களில் ஒருத்தர், கதாநாயகி, நாலும் அவரே. சமையல், பரிமாறல், பாத்திரம், விருந்தாளி உபசாரம் எல்லாம் ஒருத்தியே பார்க்கிற நமக்கு அது என்னவென்று தெரியும். பூர்வகுடிப் பெண் ஒருத்தர் தானே எழுதி, இயக்கி, முக்கியப் பாத்திரத்தில் நடித்த முதல் முழுநீளப் படம் என்று இதைச் சொல்கிறார்கள்.

எடுத்து முடித்த கொஞ்ச நாளில் கொரோனா வந்து உலகமே கதவைச் சாத்திக்கொண்டது. 2021 மார்ச்சில் ஓர் அமெரிக்கத் திரைப்பட விழாவில்தான் முதலில் காட்டினார்கள், அதுவும் தியேட்டரில் இல்லை, கம்ப்யூட்டர் வழியாக. அதே வருஷம் ஆசிய பசிபிக் திரை விருதுகளில் நடுவர்களின் பெரிய பரிசு கிடைத்தது. ஆஸ்திரேலியத் தியேட்டர்களுக்கு வந்தது 2022 மே மாசம். அப்போது லியாவுக்கு வயது 51. நம்மில் எத்தனை பேர் 40 வயதானதும் 'இனிமேல் என்ன இருக்கு' என்று சொல்கிறோம்!

பாம்பு எங்கே இருக்கிறது?

படத்தை நானும் மகளும் மூன்று ராத்திரியாகப் பார்த்தோம், குழந்தை விட்டால்தானே! முழுக் கதையையும் சொல்ல மாட்டேன். பார்க்கக் கிடைத்தால் பாருங்கள். ரத்தமும் அடிதடியும் கொடுமையும் உண்டு, பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்க்க வேண்டாம்.

1893-ம் வருஷம். நிறைமாதக் கர்ப்பிணி மோலி துப்பாக்கியோடு வாசலில் நிற்கிறாள். பசியோடு வந்த புதுப் போலீஸ்காரரையும் அவர் மனைவியையும் முதலில் துப்பாக்கியைக் காட்டி மிரட்டுகிறாள், அப்புறம் உட்கார வைத்துச் சாப்பாடு போடுகிறாள். பிள்ளைகளை அவர்களோடு டவுனுக்கு அனுப்பிவிட்டுத் தனியாக இருக்கும்போது, விலங்கு மாட்டிய கழுத்தோடு யடாக்கா வருகிறான். பிரசவ வேதனையில் அவள் துடிக்கும்போது உதவிக்கு அவன் ஒருத்தன்தான். தன்னைப் பற்றி அவளுக்கே தெரியாத ஓர் உண்மையையும் அவன்தான் சொல்கிறான்.

லாசன் கதையில் புருஷன் கொஞ்சம் கவனமில்லாதவனே தவிரக் கெட்டவன் இல்லை. பாம்பு தரைப் பலகைக்கு அடியில் இருக்கிறது. லியாவின் படத்தில் பயம் வெளியிலிருந்து வரவில்லை. குடித்துவிட்டு அடிக்கிற கை வீட்டுக்குள்ளேயே இருந்தது. அந்தச் சமயத்தில் சட்டம் யார் பக்கம் நின்றது, பிள்ளைகளை யார் எடுத்துக்கொண்டு போகப் பார்த்தார்கள் என்பதுதான் படம். பாட்டியைப் பறிகொடுத்த வம்சத்தில் வந்தவர் எடுத்த படம் என்பது ஞாபகம் வரும்போது நெஞ்சு அடைக்கிறது.

மோலி அழுது நான் பார்த்தது கொஞ்சம்தான். ஆனால் பிள்ளைகளைப் பார்க்கிற பார்வை இருக்கிறதே! அது நடிப்பு மாதிரியே இல்லை. அந்த வருஷக் கடைசியில், அந்த நாட்டின் பெரிய சினிமா விருதான ஆக்டா விருதில் சிறந்த நடிகை பரிசு அவருக்குத்தான் கிடைத்தது.

எழுத்தாளரின் அம்மா

இன்னொருத்தரையும் சொல்லாமல் விட முடியாது. படத்தில் போலீஸ்காரரின் மனைவி, பெண்கள் வீட்டில் அடிபடுவதைப் பற்றி எழுத வேண்டும் என்று துடிக்கிறவள். அவள் பெயர் லூயிஸா. ஹென்றி லாசனின் அம்மா பெயரும் லூயிஸாதான்.

லூயிஸா லாசன் 18 வயதில் கல்யாணமாகி, வறண்ட காட்டுப் பிரதேசத்தில் குடித்தனம் செய்தவர். புருஷன் வேலை தேடி அடிக்கடி வெளியூர் போய்விடுவார். வீட்டையும் பிள்ளைகளையும் லூயிஸாதான் பார்க்கணும். மகன் எழுதிய அந்தக் கதைக்கு மூலம் எங்கே என்று நான் சொல்ல வேண்டியதே இல்லை!

1883-ல் பிள்ளைகளோடு சிட்னிக்கு வந்தார். 1888-ல் 'த டான்', அதாவது விடியல், என்று பெண்களுக்காக ஒரு பத்திரிகை ஆரம்பித்தார். எழுதுவது மட்டுமில்லை, அச்சுக் கோப்பதற்கும் பெண்களையே வைத்தார். ஆண் அச்சுத் தொழிலாளர்களின் சங்கம் சண்டைக்கு வந்தது. அவர் மசியவில்லை. சமையல், தையலோடு, பெண்களுக்கு ஓட்டு, அடிக்கிற புருஷனிடமிருந்து விடுதலை என்று 17 வருஷம், 1905 வரை நடத்தினார். நாம் இன்றைக்குப் படிக்கிற பெண்கள் பக்கங்களுக்கு அவர் ஒரு பாட்டி என்றே சொல்லலாம். மகனின் முதல் புத்தகத்தை 1894-ல் அச்சடித்ததும் இந்த அம்மாவின் அச்சகம்தான்.

1902-ல் ஆஸ்திரேலியப் பெண்களுக்கு ஓட்டுரிமை வந்தது. ஆனால் பூர்வகுடிப் பெண்களில் பெரும்பாலோருக்கு இல்லை. நாடாளுமன்றத் தேர்தலில் அவர்கள் எல்லாருக்கும் உரிமை வர 1962 வரை ஆயிற்று. லியா பிறப்பதற்கு 8 வருஷம் முன்புதான்!

மகன் 1922-ல் இறந்தபோது அரசு மரியாதையோடு இறுதிச் சடங்கு. அம்மா அதற்கு இரண்டு வருஷம் முன்பு, 1920-ல், ஒரு மனநல ஆஸ்பத்திரியில் கண்ணை மூடினார். அவர் படம் போட்டுத் தபால் தலை வந்தது 1975-ல். இதைப் படித்தபோது மகள் புத்தகத்தை மூடிவிட்டு என்னிடம் கேட்ட கேள்விதான் இந்தக் கடிதத்துக்கே காரணம்.

"அம்மா, நம்ம அம்மாயி பேர் என்னம்மா? அம்மாயி அம்மாயின்னே கூப்பிட்டுப் பேரே தெரியாமப் போச்சு."

எனக்குச் சுருக்கென்றது. என் அப்பா லாரி டிரைவர். நாக்பூர், கல்கத்தா என்று லோடு ஏற்றிப் போனால் திரும்பி வர இருபது நாள், ஒரு மாசம் ஆகும். என் அம்மாவை ஊரில் எல்லாரும் 'டிரைவர் வீட்டம்மா' என்றுதான் கூப்பிடுவார்கள். ஓர் ஐப்பசி மழையில், ராத்திரியில், எங்கள் வீட்டு மண் சுவர் சரிந்து விழுந்தது. நாலு பிள்ளைகளையும் கோயில் மண்டபத்தில் கொண்டுபோய் விட்டுவிட்டு, அரிக்கேன் விளக்கோடு திரும்பி வந்து, அரிசிப் பானையையும் தையல் மெஷினையும் ஒண்டியாக இழுத்து வைத்தாள். பதினெட்டு நாள் கழித்து வந்த அப்பா, "சுவரு எங்கே போச்சு?" என்று கேட்டார். "உங்களைத் தேடிக்கிட்டுப் போச்சு" என்றாள் அம்மா. அதைச் சொல்லிச் சொல்லி நாங்கள் இன்றைக்கும் சிரிக்கிறோம். ஆனால் அந்த ராத்திரி அவளுக்கு எப்படி இருந்தது என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. இப்போது கேட்க அவள் இல்லை.

ஊர் திரும்பியதும் ஒரு நோட்டு வாங்கினேன். முதல் பக்கத்தில் அம்மாவின் பெயரை எழுதினேன். சுவர் விழுந்த கதை, அம்மா செய்யும் கொள்ளுப் பருப்பு, அவள் தைத்த பாவாடை என்று ஞாபகம் வந்ததையெல்லாம் எழுதி வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை போனில் மகளுக்குப் படித்துக் காட்டுவேன். கையெழுத்து கோணல், இலக்கணம் தப்பு. இருந்தால் என்ன? பேத்தி வளர்ந்து, "அம்மாயியோட அம்மா பேர் என்ன?" என்று கேட்டால் சொல்வதற்கு இருக்கிறது.

நாம் எல்லாரும் லியா பர்செல் மாதிரி படம் எடுக்கப் போவதில்லை. ஆனால் அவர் படம் எங்கே ஆரம்பித்தது? ஓர் ஏழைத் தாய், வேலையெல்லாம் முடித்து, கடைக்குட்டிக்குக் கதை படித்துக் காட்டிய இடத்தில் ஆரம்பித்தது. அது நம்மால் முடியும். சகோதரிகளே, உங்கள் அம்மா இருந்தால் இன்றைக்கே பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். இல்லையென்றால் உங்களுக்குத் தெரிந்ததை எழுதி வையுங்கள். முதல் பக்கத்தில் பெயரை எழுத மறந்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, நாமக்கல்.